மஞ்சள் ஏறிய இழைப்புளி

நவமணி என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது என்னைப் பெண் பார்க்க வந்த அன்று. எழுபத்தோராம் வருடம், பங்குனி மாதம். மாமனாராக வரப்போகிற சின்னையா ஆசாரி நான் கொடுத்த காப்பியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு என் அப்பாவிடம் சொன்னார்: "பொண்ணு அமைதியா இருக்கு. அது போதும். எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு நவமணி இருக்கா. இன்னொன்னு தாங்காது."

வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த நவமணி யார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. கல்யாணம் முடிந்து பினாங்கில் டத்தோ கிராமாட் பக்கம் இருந்த அவர்கள் வீட்டுக்குள் கால் வைத்த பிறகுதான் தெரிந்தது, அவள் எனக்கு மூத்த ஓரகத்தி. என் கணவர் வேலுவின் அண்ணன் ராமசாமிக்கு வாழ்க்கைப்பட்டவள். முறைக்கு அக்கா. இன்றுவரை நான் அவளை வாய் நிறைய அப்படிக் கூப்பிட்டதில்லை. அவளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு நான் 'வேலு பொண்டாட்டி'.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அவள் அந்த வீட்டுக்கு வந்து எட்டாம் நாள், சாப்பாட்டு மேசை ஆடுகிறது என்று ஆண்கள் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எந்தக் கால் குட்டை, அடியில் அட்டை வைக்கலாமா, ஆணி அடிக்கலாமா என்று பேச்சு. புதுப்பெண் எழுந்து போய் மாமனாரின் தச்சுப் பெட்டியைத் திறந்து மரம் அறுக்கிற வாளை எடுத்து, மேசையைக் குப்புறக் கவிழ்த்து, மூன்று கால்களிலும் கொஞ்சம் கொஞ்சம் அறுத்து நிமிர்த்தி வைத்துவிட்டாள். அப்புறம் மேசை ஆடவில்லை. ஆனால் மாமனார் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தன் வாளைப் பெண்பிள்ளை தொட்டுவிட்டாள் என்று மூன்று வீடு கேட்கக் கத்தினாராம். அவளுடைய தகப்பன் கெப்பாலா பத்தாஸில் நெல் ஏற்றுகிற மாட்டுவண்டிகளுக்குச் சக்கரம் செய்தவர். அந்த வீட்டில் பெண்களும் வாள் பிடிப்பார்கள் என்று யாரும் முன்கூட்டி விசாரிக்கவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. செங்கால் மரத்தில் செய்த பெட்டி, மூலைக்கு மூலை இரும்புத் தகடு, தூக்குவதற்கு இரண்டு பக்கமும் கயிறு. உள்ளே இரண்டு வாள், ஏழு உளி, உளியை அடிக்க மரத்தாலான ஒரு கொட்டாப்புளி, மரத்தைச் சீவி வழவழப்பாக்குகிற இழைப்புளி மூன்று. ஒன்று முழங்கை நீளம், ஒன்று சாண் நீளம், ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும். பெரியது மாமனார் துறைமுகப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் தச்சனிடம் வாங்கியது. அதன் தகட்டில் இங்கிலீஷ் எழுத்து வெட்டியிருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் பெட்டியோடு தோட்டத்தில் புதைத்து வைத்திருந்து, அவன் போன பிறகு தோண்டி எடுத்தாராம். அப்போதும் ஒரு துரு இல்லை என்று சொல்வார். முப்பது வருடம் தீட்டித் தீட்டி உளிகள் ஒரு விரற்கடை குறைந்திருந்தன. கூர் குறையவில்லை. கைப்பிடிகள் வேர்வையும் எண்ணெயும் ஏறிப் பழம்பாக்கு நிறத்துக்கு வந்திருந்தன. எனக்கு மரவேலை தெரியாது. எனக்கே அந்தப் பெரிய இழைப்புளியைப் பார்த்தால் கையில் எடுத்துப் பிடித்துப் பார்க்கத் தோன்றும். எடுத்தால் பிடி நம் கைக்கென்றே செய்தது போல் உட்காரும்.

எழுபத்தைந்தில் மாமனார் படுக்கையில் விழுந்தார். போவதற்கு முன் பெட்டியை ராமசாமிக்குக் கொடுத்தார். "இவன்தான்டா கையால வேல செய்றான்," என்றார். என் கணவர் அப்போதே ஜெலுத்தோங்கில் தவுக்கே என்று நாங்கள் சொல்லும் சீன முதலாளி ஒருவரின் மேசை நாற்காலிப் பட்டறையில், எல்லாவற்றையும் மெஷினில் அறுத்து மெஷினில் இழைக்கிற இடத்தில் வேலையாக இருந்தார். "எனக்கு எதுக்கு அந்த ஓட்ட ஒடசல்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அன்று சோற்றில் கை வைக்கவில்லை. அன்றைக்கு அவர் நெஞ்சில் ஏறிய அந்தப் பெட்டி கடைசிவரை இறங்கவில்லை.

ராமசாமி கடலுக்கு அக்கரையில் இருக்கிற பாகான் டாலாமுக்குக் குடி போனார். எழுபத்தொன்பதில் காய்ச்சல் கண்டு ஒன்பதாம் நாள் செத்துப்போனார். நாற்பத்து மூன்று வயது. இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவளுக்குப் பதினொன்று, இளையவளுக்கு ஏழு. கருமாதி முடிந்து வந்தவர்கள் இலையில் உட்காரும்போதே என் கணவர் பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"அண்ணி, அப்பா பெட்டிய நான் எடுத்துட்டுப் போறேன். ஆம்பள இல்லாத வீட்டுல அது எதுக்கு?"

நவமணி வெள்ளைச் சேலையோடு எழுந்து போய்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"எடுங்க," என்றாள்.

"எந்திரிங்க அண்ணி."

"எதுக்கு எந்திரிக்கணும்? என்னையும் சேத்துத் தூக்குங்க. கெரெத்தா வண்டி கொண்டாந்திருக்கீங்களா, இல்ல மிதிக்கிற பெக்காதானா? பெக்கான்னா ரெண்டு நடை ஆகும் லா."

கருமாதி வீட்டில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். என் கணவர் இலையை விட்டு எழுந்து வந்துவிட்டார். நானும் பின்னாலேயே வந்தேன். அன்றைக்கு அவள் பெட்டியைக் கொடுத்திருந்தால் பின்னால் நடந்தது ஒன்றும் நடந்திருக்காது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெட்டியை வைத்துக்கொண்டு அவள் சும்மா இருந்தாளா? ராமசாமியின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, பெட்டியைச் சைக்கிளுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள். மழை மாதங்களில் நம் ஊரில் கதவு உப்பிக்கொள்ளும், ஜன்னல் சாத்தாது, இழுப்பறை வெளியே வராது. பெரிய ஆசாரிகள் அந்தச் சின்ன வேலைக்கு வரமாட்டார்கள். இவள் போவாள். முதலில் பாகான் டாலாமில் அக்கம்பக்கம், பிறகு பெர்ரி ஏறிப் பினாங்குக்கு. என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில், புருசன் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிக்கிற பெரியம்மாவைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்ளும். சூலியா தெருவில் அவள் தீட்டுக்கல் வாங்கப் போனால் கடைக்காரர், "உங்க ஆசாரி வரலியாம்மா?" என்பாராம். "நான்தான் வந்திருக்கேன்ல," என்பாளாம். இதையெல்லாம் வந்து என்னிடம் சொல்வதற்கு ஆள் இருந்தது. அவளுக்கு அடுத்த வீட்டு மலாய்க்காரப் பெண் நோர்மா. பெர்ரி வந்து நிற்கிற ஜெட்டியில் குவே பலகாரம் விற்பவள், தமிழ் நன்றாகப் பேசுவாள். என்னை 'காக்கா' என்பாள், மலாயில் அக்கா. நான் கேட்காமலே சொல்வாள். நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

எண்பத்து மூன்றாம் வருடம்தான் விஷயம் முற்றியது. டத்தோ கிராமாட்டில் யோகம்மா என்று ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. புருசன் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டுக்கு நான் மிளகாயும் மாவும் இடித்துக் கொடுப்பேன். ஒரு நாள் என்னை உட்கார வைத்துச் சொன்னார்:

"இஞ்ச பார் பிள்ளை, எங்கட அலமாரிக் கதவை உன்ர அக்கா வந்து ரெண்டு இழைப்பிலே சரியாக்கிப் போட்டாள். போன வருசம் உன்ர மனுசன் மெசினைக் கொண்டுவந்து ஒரு நாள் முழுக்கச் சத்தம் போட்டதுதான் மிச்சம். தையிலே மகளுக்குக் கலியாணம். பின்னால கட்டுற அறையளுக்கு ஒன்பது கதவு. அவளிட்டதான் குடுக்கப் போறன். சரஸ்வதி பூசை முடிஞ்ச கையோட தொடங்கச் சொல்லியிருக்கிறன்."

அந்த வேலையை என் கணவர் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்கு வந்து ஒரு சொல் விடாமல் சொன்னேன். குறைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் கேட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "பெட்டி இருந்தாத்தானே அவ ஆசாரி?" என்றார்.

பறிக்கப் போனால் அவள் விடமாட்டாள். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி பூஜை. சரஸ்வதி பூஜை அன்று தொழில் சாமான்களைச் சாமி முன்னால் பரப்பிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் அன்றைக்கு யாரும் தொடக்கூடாது, மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும். ராமசாமி போன பிறகு, தாலி அறுத்தவள் வைக்கக்கூடாது என்று அவளிடம் எல்லாரும் சொன்னதால், நாலு வருடமாக அந்தச் சாமான்களுக்குப் பூஜை இல்லை. அது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த வருடம் உளி வழுக்கி இடது கட்டை விரலில் ஆழமாக வெட்டியிருந்தது. சாமானுக்குப் பூ வைக்காததால்தான் வெட்டியது என்று நோர்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நோர்மா என்னிடம் சொன்னாள். நான் என் கணவரிடம் சொன்னேன்.

அவர் பழத்தட்டோடு பாகான் டாலாம் போனார். "அப்பா படத்துக்கு முன்னால ஒரு வருசமாவது வைக்கணும் அண்ணி. நானே பொட்டு வைக்கிறேன்," என்றார்.

"மறுநா காலையில எடுத்துக்குவேன்," என்றாள் அவள்.

"அப்பா மேல சத்தியம்."

சத்தியம் செய்துவிட்டு வந்து என்னிடம், "உள்ள வந்ததும் பூட்டிடுவேன். அது அப்பா சொத்து," என்றார். எனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

பூஜை அன்று காலை பத்து மணிக்கு வந்தாள். பெர்ரியிலிருந்து இறங்கி மழையில் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறாள். தலையிலிருந்து கால்வரை நனைந்து ஒழுகுகிறாள். பெட்டிக்கு மட்டும் இரண்டு பிளாஸ்டிக் சுற்றிக் கயிறு போட்டிருந்தாள், ஒரு சொட்டு ஏறவில்லை. முன்வாசல் வழியாக வராமல் பின்பக்கம் வந்து அடுப்படி வாசலில் பெட்டியை இறக்கினாள். என் கணவர் பட்டறைப் பூஜைக்குப் போயிருந்தார். நான் காப்பி கொடுத்தேன். நின்றபடியே குடித்தாள். என் வீட்டில் அவள் கடைசியாகக் குடித்தது அதுதான்.

"வேலு பொண்டாட்டி, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. தொடைக்கிறதா இருந்தா காஞ்ச துணியால தொடை. சாமான்ல தண்ணி பட விடாத."

சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. என் வீட்டுப் பூஜைக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொடுக்கிறாளா? நாள் கிழமை பார்க்காமல், வீட்டுக்குத் தூரமான நாளிலும் அவள் தொட்டுப் புழங்கிய சாமான். அதை அப்படியே என் சாமி முன்னால், மாமனார் படத்துக்கு முன்னால் வைக்க முடியுமா? விளக்கைத் தேய்க்கிறோம், தாம்பாளத்தைத் தேய்க்கிறோம், இது மட்டும் என்ன? பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற பெரிய பேசினை எடுத்துத் தண்ணீர் ஊற்றி ஒரு கை மஞ்சளைக் கரைத்தேன். வாளையும் உளிகளையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். இழைப்புளிகள் மூன்றையும் தகட்டோடும் அதை இறுக்குகிற ஆப்போடும் அப்படியே மஞ்சள் தண்ணீரில் போட்டேன். மரக்கட்டை மிதந்தது. முங்கட்டும் என்று அம்மிக் குழவியைத் தூக்கி மேலே வைத்தேன்.

வைத்துவிட்டு வடைக்கு ஆட்டப் போனேன். சுண்டல், பொரி, வாழைப்பழம் என்று வேலை சரியாக இருந்தது. நினைவு வந்து எடுக்கும்போது மணி மூன்று தாண்டிவிட்டது. துண்டால் நன்றாகத் துடைத்துப் பரப்பி வைத்தேன். மாலையில் என் கணவர் வந்து பார்த்தார்.

"எண்ணெ போட்டியா? பளபளன்னு இருக்கே."

நான் அடுப்படிக்குப் போய் வடையைத் திருப்பிப் போட்டேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தார். பெரிய இழைப்புளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு நவமணி பின்வாசலில் வந்து நின்றாள்.

"பெட்டி," என்றாள்.

என் கணவர் குளித்து விபூதி பூசிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் பார்க்கட்டும் என்றே மெராந்திப் பலகை ஒன்றை ஸ்டூலில் போட்டு வைத்திருந்தார். "அது இங்கதான் இருக்கும் அண்ணி. அப்பா படம் இங்க, சாமானும் இங்க. இன்னிக்கு முதச் சீவல் நான்தான் எடுப்பேன். பாத்துட்டுப் போங்க."

"சத்தியம் பண்ணினீங்க."

"நீங்களுந்தான் எங்க அண்ணன் கடசிவரைக்கும் நல்லா இருக்கணும்னு விளக்குப் போட்டீங்க. இருந்தானா?"

அதைக் கேட்டு எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. அவர் பெரிய இழைப்புளியை எடுத்துப் பலகையில் வைத்துத் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு போனது, ஒரு தூசி எழவில்லை. தகட்டை இறக்க வேண்டும் என்று ஆப்பைத் தட்டினார். அசையவில்லை. பலமாகத் தட்டினார். தகட்டுக்கு அடியில் சீவல் வெளியே வருகிற வாயிலிருந்து ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீர் பலகை மேல் விழுந்தது. சின்னதை எடுத்தார். அதுவும் அப்படித்தான். கட்டை உப்பி, தகடும் ஆப்பும் கல்லாக இறுகிக் கிடந்தன. வாளைத் திருப்பினார். ராத்திரிக்குள் முழுக்கத் துரு.

நவமணி அடுப்படி தாண்டிக் கூடத்துக்குள் வந்துவிட்டாள். சாமி முன்னால் வரக்கூடாது என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இழைப்புளியை வாங்கி முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வேலு பொண்டாட்டி, நான் உன்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"தீட்டுக் கழிய வேணாமா?" என்றேன்.

"என் தீட்டா? உன் மாமனாருக்குக் கடசி நாலு மாசம் பீ மூத்திரம் அள்ளிப் போட்டது இந்தக் கைதான். அப்ப எங்கடி போச்சு உன் மஞ்சத் தண்ணி? நீ மூக்கப் பொத்திக்கிட்டு வாசல்லயே நின்னுட்டுப் போனவதானே?"

அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் எனக்கு அவள் மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

என் கணவருக்கு என்மேல் காட்ட வேண்டிய கோபம் முதலில் பெட்டி மேல் போனது. காலால் ஓங்கி ஓர் உதை விட்டார். "எடுத்துட்டுப் போ! வெறகுக்குத்தான் ஆகும். எரிச்சுக் காப்பி போட்டுக் குடி லா!"

அவள் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக முந்தானையால் பொட்டைத் துடைத்துத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். ஏழு உளியையும் எண்ணிப் பார்த்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாகவே போனாள். படியில் நின்று திரும்பினாள்.

"இந்த வீட்டுத் தண்ணி மரத்துக்கே ஆகல. எனக்கும் இனிமே ஆகாது."

அவள் சைக்கிள் தெருமுனை தாண்டிய பிறகு எனக்கு அடி விழுந்தது. அந்த அடிக்கும் அவள்தான் காரணம் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஊறப்போடாமல் இருந்திருந்தால் என் கணவர் அன்றைக்கு முதல் சீவலை எடுத்திருப்பார், பெட்டி அவர் கையிலேயே தங்கியிருக்கும். நான் செய்த காரியத்தால்தான் அது அவளிடம் திரும்பிப் போனது. இதை அவர் சாகும்வரை எனக்குச் சொல்லிக் காட்டினார்.

பிறகு நடந்ததை நோர்மா சொல்லித்தான் தெரியும். கெப்பாலா பத்தாஸிலிருந்து நவமணியின் தம்பி இரண்டு சாக்கு உமி கொண்டுவந்து போட்டானாம். இழைப்புளிகளைப் பழைய சாரோங்கில் சுற்றி, ஈரம் மெதுவாக இறங்கட்டும் என்று உமிக்குள் புதைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தாளாம்.

"காக்கா, உங்க அக்கா அந்தச் சாமான பிள்ளத்தாச்சி மாதிரி பாத்துக்குது," என்று நோர்மா சிரித்தாள். "வெயில்ல வைக்காது. காத்துல வைக்காது. வெடிச்சுருமாம். வாரத்துக்கு ஒரு தடவ பொரட்டிப் போடுது. புள்ளைங்கள அந்தக் கட்டில்ல ஏறவே விடல."

"வெறகுதான் அது. வேற என்ன ஆவப் போவுது?" என்றேன்.

வாளையும் உளியையும் எண்ணெய் விட்டுக் கல்லில் தேய்த்தே துருவை எடுத்துவிட்டாள். ஆனால் இழைப்புளி இல்லாமல் கதவு வேலை நடக்காது. யோகம்மா இரண்டு வாரம் பொறுத்தார். தைக் கல்யாணம் நிற்காது இல்லையா? ஒன்பது கதவையும் என் கணவரிடம் கொடுத்துவிட்டார். பொய் சொல்லமாட்டேன், அவர் மெஷினில் போட்ட கதவுகள் நன்றாகத்தான் அமைந்தன. இன்றைக்கும் ஒழுங்காகச் சாத்துகின்றன. அந்த வேலை அவள் கையை விட்டுப் போனதுதான்.

தீபாவளி கழிந்து மூன்றாம் வாரம் நான் ஜெட்டிப் பக்கம் போனபோது நோர்மா என்னைக் கண்டு ஓடிவந்தாள். காலையில் நவமணி பெரிய இழைப்புளியை எடுத்து மடியில் வைத்துக் கொட்டாப்புளியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாளாம். ஆப்புத் தானாகக் கழன்று வந்துவிட்டதாம். கட்டையில் ஒரு கீறல் கிடையாதாம். "அழுவும்னு பாத்தேன் காக்கா. அழுவல. ஒடனே சைக்கிள எடுத்துட்டு வேலைக்குப் போயிடுச்சு."

நான் நோர்மாவிடம் குவே வாங்காமலே திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு பத்து வருடம் நாங்கள் பேசவில்லை. கல்யாணம், காது குத்து என்று ஒரே பந்தலில் உட்கார்ந்திருப்போம். நான் பந்தி விசாரிக்கப் போனால் இலையை மூடிவிடுவாள். அவளுடைய மூத்த மகள் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை தபாலில் வந்தது, கையால் கொடுக்கவில்லை. நாங்கள் போகவில்லை. அந்தப் பத்து வருடத்தில் என் கணவர் கையில் வைத்து இழைக்கிற கரண்டு மெஷின் மூன்று வாங்கினார். முதல் மெஷின் எண்பத்தாறில் புகைந்து போனது. இரண்டாவதைத் தவுக்கேயின் மகன் கீழே போட்டான். மூன்றாவதற்கு உள்ளே ஏதோ ஒரு பல்சக்கரம் உடைந்தது, அந்தச் சாமான் இப்போது வருவதில்லை என்று கடைக்காரன் கையை விரித்துவிட்டான்.

தொண்ணூற்று மூன்றில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போய்விட்டது. சக்கர நாற்காலியில் வைத்துத்தான் குளியலறைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஐப்பசி மழையில் குளியலறைக் கதவு உப்பிக்கொண்டு பாதிக்கு மேல் திறக்கவில்லை. நாற்காலி நுழையாது. நான் ஒருத்தி அவரைத் தூக்கி இழுத்து இடுப்பு ஒடிந்துபோனேன். இரண்டு ஆசாரிகளிடம் சொல்லிப் பார்த்தேன். கழற்றிப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் கதவு மாட்டு என்றார்கள். யோகம்மா வீட்டில் மாவு கொடுக்கப் போன இடத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு வாசலில் நவமணி நிற்கிறாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. ராமசாமியின் சட்டை இல்லை, வேறு சட்டை. கையில் ஒரு திருப்புளி, துணியில் சுற்றிய பெரிய இழைப்புளி.

"யோகம்மா சொன்னாங்க. எந்தக் கதவு?"

காட்டினேன். அவளே திருப்புளியால் கீலைக் கழற்றி, கதவை இறக்கி, இரண்டு நாற்காலி மேல் படுக்கப் போட்டாள். நான் ஒரு பக்கம் பிடிக்கப் போனேன். "விடு," என்றாள். இழைப்புளியை வைத்து ஒரு தள்ளு. 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சத்தம், வெங்காயத் தோல் மாதிரி ஒரு சீவல் கதவு நீளத்துக்குச் சுருண்டு எழுந்து தரையில் விழுந்தது. மெஷின் போட்டால் வீடெல்லாம் தூசியாகும், காது அடைக்கும். இதில் அடுத்த அறையில் படுத்திருப்பவருக்குக் கூட ஒன்றும் தெரியாது. ஆனால் என் கணவருக்குத் தெரிந்துவிட்டது. உள்ளேயிருந்து கூப்பிட்டார். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டேன்.

அப்போதுதான் நான் கவனித்தேன். இழைப்புளியின் கட்டையில் வரி வரியாக மஞ்சள். பிடிக்குக் கீழே, வாயைச் சுற்றி, மரத்தின் ரேகைக்குள் ஏறிப்போய் நின்றிருந்தது. நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"போகல," என்றாள். "பத்து வருசம் வேல செஞ்சும் போகல."

கதவை மாட்டி ஒரு விரலால் தள்ளினாள். அது தானாகப் போய்ச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. மறுபடி திறந்து முழுக்க விரித்துக் காட்டினாள். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

என் கணவர் இடது கையை நீட்டினார். வாய் கோணிப்போன பிறகு அவர் பேசுவது எனக்கு மட்டும்தான் புரியும். ஆனால் அன்று பேசியது எல்லாருக்கும் புரிந்தது.

"அண்ணி… குடுங்க. ஒரே ஒரு தடவ. புடிச்சுப் பாத்துட்டுத் தரேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் வாயிலிருந்து வழிவதைத் துடைத்துத் துடைத்து அந்தக் கை எப்போதும் நனைந்தே இருக்கும்.

"வேணாம். உங்க கை ஈரமா இருக்கு."

துணியில் சுற்றினாள். நான் காப்பி கொண்டுவந்து நின்றேன். என்னைத் தாண்டிப் போனாள். வெளியே குழாய் இருந்தது, அதில் கைகூடக் கழுவவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பாமல் சொன்னாள்: "சீவலப் பெருக்கிக்க, வேலு பொண்டாட்டி."

பெருக்கினேன். என் கணவர் ஒரு சீவலைக் குனிந்து எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். விரலை விரிக்கமாட்டேன் என்றார். மாலையில் குளிப்பாட்டும்போது நான்தான் பிடுங்கிக் குப்பையில் போட்டேன்.

அவர் தொண்ணூற்றைந்தில் போனார். நவமணி சாவு வீட்டுக்கு வந்தாள், தெருவிலேயே நின்றாள், பாடை கிளம்பியதும் பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் செய்தது சரி என்று யாரிடமும் வாதாடமாட்டேன். அதற்காக ஒரு நோயாளி நீட்டின கைக்கு அவள் சொன்ன பதிலை நான் மறக்கவும் மாட்டேன். அந்தக் குளியலறைக் கதவு இன்றைக்கும் விரலால் தள்ளினால் சாத்திக்கொள்கிறது. ஒவ்வொரு தடவையும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

நவமணி இப்போது பாகான் டாலாமில் இளைய மகள் வீட்டில் இருக்கிறாள். முழங்கால் வலி, வேலைக்குப் போவதில்லை. பெட்டி அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.